புகார் எண் 411

பாலாடா, கேத்தி வழி.
"உங்கள் சூரியகாந்தி எண்ணெயில்
தைல வாடை."
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
கடை முத்திரை,
அதுவும் பாதிதான் பதிந்திருந்தது.

காரமடையிலிருந்து முதல் பஸ்.
பர்லியாறில் காது அடைத்தது.
குன்னூரில் சால்வையை எடுத்துப் போர்த்தினேன்,
மூக்கை மட்டும் விட்டுவிட்டு.
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

கீழே எங்கள் ஆலையில் ஒரு கோபுரம்.
காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட அதன் வயிற்றில்
இருநூற்று நாற்பது டிகிரியில்
தட்டுத் தட்டாக இறங்கும் எண்ணெய்.
அடியிலிருந்து ஏறும் நீராவி.
விதை எந்தக் காட்டு விதை,
எந்த மழையில் நனைந்தது,
எந்தக் கோணியில் எத்தனை நாள் புழுங்கியது,
எல்லாவற்றையும்
கேட்டு வாங்கிக்கொண்டு ஆவி மேலே போய்விடும்.
மிச்சத்தை வெதுவெதுப்பாக்கி
கண்ணாடிக் கிண்ணத்தில் தருவார்கள்.
வாயில் சுழற்றித் துப்பிவிட்டு
வாசனைக் கட்டத்தில் எழுதுவேன்: இல்லை.
பதினோரு வருடமாக
இல்லை இல்லை என்று எழுதியே
மேல்மாடி வரை வீடு கட்டிவிட்டேன்.

யோகராசா கடை
காரட் கழுவும் மெஷினுக்கு எதிரே.
பேசினால் கத்த வேண்டும்.
பாக்கெட்டின் ஓரத்தை வெட்டி முகர்ந்தேன்.
சந்தேகமே இல்லை:
கற்பூர மரம், ஈர இலை,
யாரோ இப்போதுதான் கசக்கிப் போட்டதுபோல.
"நாங்க எதுவும் கலக்கலீங்க!"
"நானுந்தான் கலக்கல மேடம்!"
மெஷின் நின்ற நேரத்தில்
இருவரும் கத்திக்கொண்டிருந்தோம்.

பின்னால் கிடங்கு.
எங்கள் அட்டைப்பெட்டிகள் பதினான்கு.
அவற்றின் மேல் சாய்ந்தபடி
ஆறு நீல கேன்கள்.
மச்சான் காய்ச்சும் தைலமாம்,
லாரி வரும்வரை இங்கேதானாம்.
ஒன்றுக்கு மூடி இல்லை,
பழைய பனியன் துணி அடைத்திருந்தது.

"ஒட்டின பாக்கெட்டுக்குள்ள எப்படிங்க போகும்?"

அந்த மெல்லிய பிளாஸ்டிக்
தைலத்துக்கு ஒரு சுவரே இல்லை என்றேன்.
இன்னொன்றைச் சொல்லவில்லை:
தன்னுடையது எல்லாம் போன எண்ணெய்
பக்கத்தில் யார் படுத்தாலும்
அவர் வாடையோடு எழுந்திருக்கும்.

மச்சான் பெயர் செபமாலை.
சரிவில் அவர் அடுப்பைப் போய்ப் பார்த்தேன்.
பார்க்க வேண்டிய வேலை இல்லை, போனேன்.
செம்பு அண்டாவில் இலையை மிதித்து அடைத்திருந்தார்.
குழாய் தொட்டித் தண்ணீருக்குள் இறங்கி வளைந்து
ஒரு தகரப் புனலில் முடிந்தது.
சொட்டு. சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு.
எங்கள் ஆலை வேலையைச் சொன்னேன்.
அதே ஆவிதான் அண்ணா,
ஆனால் அது கொண்டுபோவதை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.
சோப்புக் கம்பெனி டேங்கர் வந்து எடுத்துப்போகும்.
அவர் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:
"உங்களுக்கு அது விளக்குமாறு.
எனக்குச் சுமைகூலி."
பிறகு என் சால்வையைக் காட்டி,
"தள்ளி நில்லுங்க, ஏறிக்கும்."

கடைப் பலகையில் வைத்து அறிக்கை எழுதினேன்.
அயல் வாசனை: உண்டு.
அந்த ஒரு சொல்லுக்கு
கை கொஞ்சம் பழக வேண்டியிருந்தது.
காரணம்: சேமிப்பு.
பதினான்கு பெட்டியும் திரும்பப் பெறப்படும்.

மை காய்வதற்குள் நஞ்சி அக்கா வந்து நின்றார்,
தலையில் வெள்ளை முண்டு, கையில் நூறு ரூபாய்.
"போன வாரம் குடுத்தியே,
அந்த எண்ணெய்தான் வேணும்.
அதுல போண்டா சுட்டதுல
எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு தொறந்துடுச்சு."
யோகராசா என்னைப் பார்த்தார்.
நான் காரட்டைப் பார்த்தேன்.
மண் போய்ப் போய்
ஒரே சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது.
கிடங்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.
பெட்டி பதினான்கு என்றுதான் எழுதியிருந்தேன்,
பாக்கெட் எத்தனை என்று எழுதவில்லை.

மறுநாள் காலை, கிண்ணம்.
சுழற்றினேன், துப்பினேன்.
எண்ணெயிலா, சால்வையிலா,
என் மூக்குத் தண்டிலேயேவா தெரியவில்லை,
ஓரமாக ஓர் இலை.
கட்டம் காலியாக இருப்பதாக
சூப்பர்வைசர் இரண்டு முறை போன் செய்தார்.
இன்னொரு கிண்ணம் அனுப்பச் சொன்னேன்.